பி.எஸ்சி. நர்சிங்: விண்ணப்பிக்கும் முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) மூன்றும் சேர்த்து 45%. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40%. ஆங்கிலத்தில் தனியே தேர்ச்சி வேண்டும். கணினி அறிவியல் குரூப்பில் உயிரியல் இல்லாதவர்கள் பணம் கட்டி ஏமாறாதீர்கள்.

சாதிச் சான்று, இருப்பிடச் சான்றில் பெயரும் இனிஷியலும் மதிப்பெண் பட்டியலோடு எழுத்து மாறாமல் பொருந்தட்டும். பலர் சிக்குவது இங்கேதான்.

படிப்பு 4 ஆண்டு, 8 செமஸ்டர். தேர்வெழுத 80% வருகை போதும். ஆனால் வார்டு பயிற்சி 100% முடிக்காமல் பட்டம் கிடையாது. விட்ட நாளைப் பின்னால் ஈடுசெய்தே ஆக வேண்டும். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் வரும், அசட்டையாக இருக்காதீர்கள்.

கல்லூரிக்கு அந்த ஆண்டுக்கான அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே முன்பணம்.