மைதானத்தைத் தோண்டும் முன் அதை வடிவமைத்தவரைக் கூப்பிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கோல்ஃப் மைதானத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றாலே எவ்வளவு செலவு, எத்தனை மாதம் மூடியிருக்கும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. வேலை யார் சொல்படி நடக்கிறது? எனக்கு அதுதான் முதல் கேள்வி. வடிவமைத்தவர் உயிரோடு இருந்தால் அவரை வரவழைத்துவிட்டுத்தான் மண்ணில் கை வைக்க வேண்டும்.

யாரும் தொடாமலே மைதானம் மாறிக்கொண்டிருக்கும். கிரீனை, அதாவது குழியும் அதில் கொடியும் இருக்கும் குட்டைப்புல் பகுதியைச் சுற்றிப் புல் வெட்டுபவர் ஓரத்தைக் காயப்படுத்திவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டுவார், அப்படியே இருபது முப்பது வருடம் போனால் கிரீன் சுற்றிலும் பல அடி சுருங்கிவிடும். போவது வெறும் புல் இல்லை. பங்கர் என்ற மணல் பள்ளத்தை ஒட்டியும் சரிவின் விளிம்பிலும் கொடி நட்டு ஆட்டத்தைக் கடினமாக்க வடிவமைத்தவர் யோசித்து வைத்த இடங்கள்தான் முதலில் போகும். பங்கரிலிருந்து அடிக்கும்போது தெறிக்கும் மணல் கரையில் படிந்து மேடாகி, தண்ணீர் ஓடும் திசையே மாறிவிடுகிறது. அப்புறம் மரங்கள். நல்ல எண்ணத்தில் நட்ட கன்றுகள் வளர்ந்து, வெயிலையும் காற்றையும் மறைத்துப் புல்லை நலிய வைக்கின்றன, பந்தை அனுப்பும் வழியையும் அடைக்கின்றன. இது தெரியாத ஒப்பந்தக்காரர் இன்றிருக்கும் வடிவத்தையே அசல் என்று எடுத்துக்கொண்டு அழகாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்!

வரைபடம் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், ஆனால் பல மேடுபள்ளங்கள் களத்தில் மண்ணைத் தள்ளும்போது முடிவானவை, அந்தப் பள்ளம் ஏன் அங்கே என்று வடிவமைத்தவருக்குத்தான் தெரியும். அதற்காக ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனால் வழிகாட்டுதல் ஆகாது. மண்ணுக்கு வடிவம் கொடுக்கும்போதும், வடிகால் குழாய் மூடுவதற்கு முன்பும், புல் போடுவதற்கு முன்பும் அவர் நடந்து பார்க்க வேண்டும்.

அவரே பழையதை மாற்றச் சொன்னால்? சொல்லலாம். அமெரிக்காவில் 1974ல் திறந்த மியூர்ஃபீல்ட் வில்லேஜ் மைதானத்தை, அதை வடிவமைத்த கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸே 2020ல் பெரிய அளவில் திருத்தினார், கிரீன்களையும் புதிதாகக் கட்டினார். பந்து முன்பைவிடத் தூரம் போகிற காலத்தில் பங்கரைத் தள்ளி வைக்க அவருக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். எது மீட்பு, எது புதுசு என்று கிளப் அவரோடு முன்பே பேசி எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் சண்டை வராது.

அவர் இல்லாதபோதும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 மைதானத்தை உருவாக்கிய டொனால்ட் ராஸ் 1948ல் இறந்துவிட்டார். 2010ல் அதை மீட்கத் தொடங்கிய மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் 1943ல் எடுத்த வான்வழிப் படங்களை வைத்துக்கொண்டு, பந்தை அனுப்ப வேண்டிய புல்வழியான ஃபேர்வேயின் பழைய அகலத்தைத் தேடிப் பிடித்தார்கள். அதன் ஓரங்களில் ரஃப் என்று வளர்க்கும் உயரமான புல்லைச் சுமார் 35 ஏக்கர் எடுத்துவிட்டு மணலையும் காட்டுப்புல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1,150 ஸ்பிரிங்க்ளர்கள் 450 ஆகக் குறைந்தன. தண்ணீரும் மிச்சம், ராஸின் ஆட்டமும் திரும்பியது. 2014ல் ஆண்கள், பெண்கள் இருவரின் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டிகளும் அடுத்தடுத்த வாரம் அங்கேதான் நடந்தன.

வடிவமைத்தவர் இருக்கும்போதே கிரீன்களின் எல்லையை அளந்து, பழைய படங்களைச் சேர்த்து, அவர் ஒவ்வொரு குழியிலும் நின்று சொல்வதைப் பதிவு செய்து வையுங்கள் என்று எல்லா கிளப் நிர்வாகிகளையும் உங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன். புதுப்பிக்கும் திட்டம் இன்னும் இல்லாத கிளப்புகளும் இதை இப்போதே செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்