ஆலோசனை பெற்றவரிடமும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலவச சட்ட உதவி மையங்கள், சட்ட விழிப்புணர்வு முகாம்கள் பற்றிய செய்திகள், இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை மனுக்கள் பெறப்பட்டன என்ற கணக்கோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. ஆலோசனை பெற்றுத் திரும்பியவர்களின் காரியம் பிறகு என்ன ஆயிற்று என்பது தெரிவதில்லை. அவர்களிடம் பின்னர் முறையாகக் கேட்கும் வழக்கம் பரவலாக இல்லாததே இதற்குக் காரணம்.

பொருளாதார வசதியின்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 39அ பிரிவு கூறுகிறது. 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோர் வருமான வரம்பு ஏதுமின்றி இலவச சட்ட உதவி பெறலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2011இல் வகுத்த விதிமுறைகள், இந்த உதவியைக் கிராமத்தின் வாசல்வரை கொண்டுவரும் நோக்கத்துடன் சட்ட உதவி மையங்களை அமைக்கச் சொல்கின்றன. இந்த மையங்களில் வழக்கறிஞர்களும் சட்டம் சார்ந்த தன்னார்வலர்களும் மிகக் குறைந்த மதிப்பூதியத்தில் செய்துவரும் பணியை நான் மதிக்கிறேன். அந்தப் பணி வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மையத்தில் ஒரு பதிவேடு உண்டு. வந்தவரின் பெயர், முகவரி, ஆலோசனை வழங்கியவரின் பெயர், எத்தகைய உதவி என்ற விவரம், ஆலோசனை வழங்கியவரின் குறிப்பு, கடைசியாக வந்தவரின் கையொப்பம் ஆகியவை அதில் இடம்பெறும். ஆலோசனை சொன்னவரின் கருத்துக்கு அங்கே இடம் இருக்கிறது. கேட்டவருக்குக் கையெழுத்துப் போடவோ கைநாட்டு வைக்கவோ மட்டுமே இடம் இருக்கிறது.

இதனால் விளையும் தீங்குக்கு எனக்குத் தெரிந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் ஒப்புக்கொண்டு, அதைப் பத்திரத்திலும் எழுதிய பிறகு, ஒரு முதியவர் தம் வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். பிறகு சோற்றுக்கே வழியில்லாத நிலை வந்தபோது ஒரு மையத்துக்குச் சென்றார். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆவது பிரிவின்படி, பராமரிப்பு நிபந்தனையுடன் எழுதப்பட்ட இத்தகைய பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோரி வருவாய்க் கோட்டாட்சியரிடமே மனுக் கொடுக்கலாம் என்பது பல மாதங்கள் கழித்து, வேறொருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. இதற்கிடையில் மையத்தின் பதிவேட்டில் அவர் ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்ற கணக்கில் சேர்ந்துவிட்டார். ஒரே ஒரு முறை தொலைபேசியில் அழைத்து, “ஐயா, நாங்கள் சொன்னபடி போனீர்களா, என்ன ஆயிற்று?” என்று விசாரித்திருந்தால் அவருக்கும் சரியான வழி கிடைத்திருக்கும், அடுத்து வரும் முதியவர்களுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பது மையத்துக்கும் தெரிந்திருக்கும்.

மையத்தின் சுவரில் கருத்துப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. எழுதத் தெரியாதவர் அதில் என்ன போடுவார்? எழுதத் தெரிந்தவரும், நாளை மறுபடியும் இதே அலுவலகத்துக்கு வர வேண்டியிருக்குமே என்ற தயக்கத்தில் குறையைச் சொல்லமாட்டார். ஆலோசனை முடிந்த கையோடு, அதைச் சொன்னவரே எதிரில் அமர்ந்து ‘திருப்தியா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போவார்கள். ஆகவே ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, அந்த மையத்தில் பணியாற்றாத ஒருவர், சட்டக் கல்லூரி மாணவரோ பக்கத்து வட்டத்தின் தன்னார்வலரோ, பேசிக் கேட்பதுதான் பொருத்தம். சொன்னது புரிந்ததா, சொன்ன அலுவலகத்துக்குப் போக முடிந்ததா, அங்கே மனுவை வாங்கினார்களா, காரியம் எந்த நிலையில் நிற்கிறது என்ற இந்தக் கேள்விகளே போதுமானவை. பெறும் பதில்களைப் பெயர் நீக்கித் தொகுத்தால், வாரிசுச் சான்றிதழுக்குச் சென்றவர்கள் எந்த இடத்தில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள், பட்டா மாறுதல் குறித்து எந்தத் தகவல் தவறாகச் சொல்லப்படுகிறது என்பவை தாமாகவே வெளிப்படும்.

இதில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உள்ளது. குடும்ப வன்முறைக்கு ஆளாகி ஆலோசனை பெற்ற பெண்ணின் வீட்டுக்கு அழைப்புப் போய், அதைக் கணவர் எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்கே ஆபத்து வந்துவிடும். எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம், அழைக்கலாமா என்பதையே முதல் நாளில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும்.

கிடைக்கும் தொகுப்பு கோப்பில் தூங்கக் கூடாது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்யும், அதாவது மக்களே சரிபார்க்கும், பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்தது. அந்தப் பழக்கம் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், மக்கள் சொன்னது இது, அதனால் மையத்தில் மாற்றியது இது என்று சில நிமிடங்கள் அறிவித்தாலே, மையம் இருப்பதையே அறியாதவர்களுக்கும், சட்ட உதவிக்கான 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைக் கேள்விப்படாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேரும்.

இவ்வாறு கேட்பது தன்னார்வலர்கள் மீது குற்றம் கண்டுபிடிக்கும் வேலையாக மாறிவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. அதனால் பதில்களைத் தனிநபர் மீதான நடவடிக்கைக்குப் பயன்படுத்தாமல், பயிற்சிக்கும் துண்டறிக்கைகளைத் திருத்துவதற்கும் மட்டுமே பயன்படுத்துவது என்று தொடக்கத்திலேயே எழுத்தில் உறுதி செய்துவிடலாம். இதற்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு முதற்கட்டமாக மாவட்டத்துக்கு ஒரு வட்டத்தில் இதைத் தொடங்கி, வரும் நவம்பர் 9ஆம் நாள் சட்டப் பணிகள் தினத்தன்று, முகாம்களின் எண்ணிக்கையோடு மக்களின் பதில்களையும் வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்