சென்சார் இல்லாத சக்கரமா? கேஜ் கையில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரின் பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு அலாய் வீல் மாட்டிக்கொள்வது வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பெருகிவிட்டது. மாட்டிய மறுநாளே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று பலர் திரும்பி வருகிறார்கள். லாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட, டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அது. பழைய சக்கரத்தில் இருந்த காற்றழுத்த சென்சார் புதியதில் இல்லாததால்தான் எரிகிறது. "அது ஒன்றும் பண்ணாது சார், விட்டுவிடுங்கள்" என்று பல கடைகளில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பதிலில் பாதிதான் உண்மை.

வண்டி ஓடும், பிரேக் பிடிக்கும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும். அதுவரை சரி. ஆனால் அந்த விளக்கு இரண்டு வேறு சேதிகளைச் சொல்லும். சாவி போட்டதும் ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், சென்சார் கிடைக்கவில்லை அல்லது கெட்டுவிட்டது என்று பொருள். மினுக்காமல் நேராக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது. சென்சார் இல்லாத சக்கரத்தில் விளக்கு எப்போதுமே எரிந்துகொண்டிருப்பதால், நாளை உண்மையாகவே ஆணி ஏறினாலும் தனியாகச் சொல்ல அதற்கு வழியில்லை.

பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலத்துக்கென்று டயரோடு சேர்த்து இரண்டாவது செட் வீல் வைத்திருப்பார்கள். செலவைப் பார்த்து அதில் சென்சார் போடாமலே ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் நமக்கும் கேள்வி ஒன்றுதான்: விளக்கு பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது?

முதலில் உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று பாருங்கள். சில கார்களில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த டயர் சற்றுச் சிறுத்து, மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். ஒவ்வொரு சக்கரமும் சுற்றும் வேகத்தை ஏபிஎஸ் அளப்பதால், அந்தக் கணக்கிலிருந்தே வண்டி இதைக் கண்டுபிடித்துவிடும். இந்த வகையில் வீல் மாற்றினாலும் பிரச்சினை இல்லை. நான்கு டயரிலும் சரியான காற்றை வைத்த பிறகு ரீசெட் செய்தால் போதும். காற்றைப் பார்க்காமல் ரீசெட் செய்தால், குறைந்த அளவையே சரி என்று வண்டி எடுத்துக்கொள்ளும். நான்கும் ஒரே அளவில் மெல்ல இறங்கினாலும் இந்த வகைக்குப் பிடிபடுவது கடினம்.

இன்னொரு வகையில் வால்வோடு சேர்ந்து உள்ளே சென்சார் உட்கார்ந்திருக்கும். அதன் பேட்டரியை மாற்ற முடியாது. பொதுவாக 5 முதல் 10 ஆண்டு வரை வரும். புது வீலுக்கு மாற்றும்போது வாஷர், ஓ-ரிங், நட், வால்வு ஊசி நான்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஊசி நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். அலுமினிய வால்வில் சாதாரண பித்தளை ஊசி போட்டால் அரித்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த முறை கழற்றும்போது வால்வே முறியும். டயரை மெஷினில் ஏற்றுகிறவர் ஓரத்தைப் பிரிக்கும் தட்டை வால்வுக்கு அருகில் அழுத்தினால் சென்சார் அங்கேயே உடைந்துவிடும். பஞ்சருக்கு ஊற்றும் திரவம் அதன் சிறு துளையை அடைத்துவிடும். சென்சார் வண்டிக்கு ரேடியோ அலையில் சேதி அனுப்பும்; இணையத்தில் வாங்குகிறவர்கள் அதன் அலைவரிசை 433 மெகாஹெர்ட்ஸ் என்று பார்த்து வாங்குங்கள். அமெரிக்க வண்டிகளுக்கான 315 வந்துவிட்டால் நம் கார் அதைக் கேட்கவே கேட்காது.

வால்வில் மூடிபோலத் திருகும் வெளிச் சென்சாரும் உண்டு. அதை ரப்பர் வால்வில் மாட்டாதீர்கள். வேகத்தில் அந்தக் கனம் வால்வை வெளியே இழுத்து இழுத்து அடிப்பகுதியில் வெடிப்பு விடும். உலோக வால்வுக்கு மாற்றி, வீல் பேலன்சும் பார்த்துவிடுங்கள். விளக்கை அணைப்பதற்காக நான்கு சென்சாரையும் காற்றடைத்த பிவிசி குழாயில் போட்டு டிக்கியில் வைக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. டயர் தரையோடு படுத்தாலும் "எல்லாம் சரி" என்று காட்டும் அந்த ஏற்பாட்டை யாரும் செய்யவே கூடாது.

சென்சாரே வேண்டாம் என்றால் அதுவும் சரிதான், ஆனால் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் கையில் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை, வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, காலையில் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது உச்ச வரம்பு, அதை வைக்கக் கூடாது. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். மாதம் 1 பிஎஸ்ஐ (கேஜ் காட்டும் காற்றழுத்த அலகு) இறங்குவது இயல்பு. ஒரு சக்கரம் மட்டும் வாரத்துக்கு 2 இறங்கினால் வால்விலும் வீல் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

நம் ஊரில் பரவலாக இருக்கும் ஒரு தவறான பழக்கத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றை 4, 5 பிஎஸ்ஐ குறைத்து வைக்கிறார்கள். வெடிக்க வைப்பதே அந்தக் குறைவுதான். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த உழைப்பில் உள்ளே சூடேறி அடுக்குகள் பிரியும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முழு ஆளும் சுமையுமாக 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது நடந்தால் வண்டி கையில் நிற்காது. ஓடிய டயரில் 4 பிஎஸ்ஐ கூடக் காட்டுவது இயல்பு, அதைத் திறந்து விடாதீர்கள்.

குளிர்காலத்திலும் கவனம் வேண்டும். புரட்டாசியில் 36 டிகிரி வெயிலில் 33 பிஎஸ்ஐ வைத்துவிட்டு மறந்த டயர், மார்கழி விடியலில் 20 டிகிரியில் முப்பதரைதான் காட்டும். இடையில் கசிந்ததையும் கழித்தால் 28-க்குக் கீழே வந்துவிடும். அமெரிக்க விதிப்படி விளக்கு கட்டாயம் எரிய வேண்டியதே 25 சதவீதம் குறைந்த பிறகுதான், அதாவது 33 வைக்க வேண்டிய டயரில் 25 பிஎஸ்ஐ அளவில். ஆகவே சென்சார் உள்ளவர்களும் கேஜைத் தூக்கிப் போட முடியாது.

தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. நெடுஞ்சாலையில் வாலாஜாபேட்டை முதல் வாணியம்பாடி வரை உள்ள பெட்ரோல் பங்குகளில் காற்று மெஷின் காலை ஆறு மணிக்கே இயங்க வேண்டும். அதன் கேஜ் சரியான அளவைக் காட்டுகிறதா என்று எடையளவு அதிகாரிகள் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்து, சோதித்த தேதியை மெஷின் மேலேயே ஒட்டிவிட்டுப் போக வேண்டும்.

இப்படிக்கு,
டயர் கடைத் தொழிலாளர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.