சாட்சிக்குப் போகுமுன்

அன்பு மகன் செல்வத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போனில் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. அதனால் எழுதித் தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறேன். படம் பிடித்து வைபரில் அனுப்புவாள்.

உன் கப்பல் ஆட்கள் மூன்று பேர் துறைமுகப் போலீசை அடித்ததாக வழக்கு. உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். 'ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு' என்கிறார் கப்பலில் உன் மேலதிகாரி. இதுதானே விஷயம்? அம்மா அதற்குள் காளியம்மன் கோயிலுக்கு இரண்டு நடை போய்வந்துவிட்டாள்.

என் தாத்தா இங்கே ரங்கூனில், ஸ்டிராண்ட் ரோட்டில், கப்பல் துறைக்கு எதிரே சோடாக் கடை வைத்திருந்தார். அப்போதைய ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். 1931 கணக்கெடுப்பே அப்படித்தான் சொல்கிறது. மூட்டை தூக்கத் தெலுங்கர், சம்பான் படகு தள்ளச் சிட்டகாங்காரர், போலீஸ் உடுப்பில் பஞ்சாபிகள். அறுப்பு முடிந்து தை, மாசி ஆனால் அரிசி ஏற்ற எந்தெந்த நாட்டுக் கப்பலோ வந்து நிற்கும்.

அப்படி ஒரு ராத்திரி மூன்று வெளிநாட்டு மாலுமிகள், நல்ல போதையில், ரிக்‌ஷாக்காரருக்குக் கூலி கொடுக்காமல் தகராறு. போலீஸ்காரர் இந்துஸ்தானியில் அதட்ட, அவர்கள் தங்கள் பாஷையில் கத்த, நெட்டையன் அவர் தலைப்பாகையைப் பிடித்து இழுத்தான். கடை வாசலில் கொட்டிய தண்ணீரில் அது ஒரு புடவை நீளத்துக்கு அவிழ்ந்து கிடந்ததாம். இன்னொருவன் சோடா பாட்டிலை எடுத்து அவர் மண்டையில் போட்டான். கோலி உருண்டு சாக்கடைக்குள் போனது. மூன்றாவது ஆள், மீசை முளைக்காத பையன், கடைப் பெட்டிமேல் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

வழக்கு மூன்று பேர் மேலும். கடமையில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்குவது 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் 353-ஆம் பிரிவு. இரண்டு வருஷம் வரை உள்ளே போகலாம். (ஆட்சி எத்தனையோ மாறியும் இங்கே பர்மாவில் இன்றைக்கும் அதே எண்தான்.) கோர்ட்டில் மாலுமிகள் பேச்சை ஒருவர் இங்கிலீஷாக்க, தாத்தாவின் தமிழை இன்னொருவர் இங்கிலீஷாக்க, அரை நாள் போனதாம். மூவரும் அடித்ததாகச் சொல்லச் சொன்னது போலீஸ். பார்க்கவில்லை என்றால் பத்து ரூபாய் என்றார் கப்பல் பக்கத்து ஆள். இழுத்தவன் இவன், போட்டவன் இவன், அந்தப் பையன் என் பெட்டியை நாறடித்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்றார் தாத்தா. பையனை விட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஆறு மாதம் ஒரு போலீஸும் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஓசிச் சோடா மிச்சம் என்பாள் பாட்டி.

சரி, நீ எங்கே நின்றாய், விளக்கு எந்தப் பக்கம் இருந்தது, யார் கை முதலில் ஓங்கியது, எல்லாம் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வை. போலீஸ்காரர் முதலில் தடியைத் தூக்கியிருந்தால் அதையும் எழுது. மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. உன் சிடிசி புத்தகம், அதுதான் கப்பல் வேலைப் பதிவுப் புத்தகம், இப்போது யார் கையில் இருக்கிறது? அதை உடனே தெரியப்படுத்து.

கோர்ட்டுக்குச் சவரம் செய்துகொண்டு போ. தாத்தா அன்றைக்குச் சலவை வேட்டி கட்டிக்கொண்டுதான் போனாராம்.

அப்பா