இலையுதிர் காலத்தில் பண்ணைக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கும், வாரந்தோறும் வந்து உழைக்கும் தன்னார்வலர்களுக்கும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், கால்நடை மருத்துவருக்கும் எங்கள் வணக்கம்.

நெதர்லாந்தின் வடக்கே, குரோனிங்கன் மாகாணத்துக் களிமண் நிலத்தில் ஒரே குடும்பமாக நடத்திவரும் பராமரிப்புப் பண்ணை இது. நினைவு மங்கிவரும் முதியவர்கள் காலையில் வந்து, ஆடு, கோழி, தோட்டம் என்று வேலை பார்த்துவிட்டு, மாலையில் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் செய்வது நிஜமான வேலை. அவர்கள் தீவனம் வைத்தால்தான் ஆடு சாப்பிடும். மழையும் சேறும் இருட்டும் ஒன்றாக வந்துசேரும் அக்டோபரிலும் நவம்பரிலும் அந்த வேலை தடைபடாமல் நடந்ததற்கு நீங்களே காரணம். யார் என்ன செய்தீர்கள் என்பதை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மேப்பிள் மரத்தடியைக் கூட்டியவர்களுக்கு. சிக்கமோர் மேப்பிளின் இறக்கை வைத்த விதைகள் இந்தப் பருவத்தில்தான் உதிர்கின்றன. அதிலுள்ள ஹைப்போகிளைசின் என்ற நஞ்சு குதிரைகளின் தசையைச் சிதைக்கும். நடை விறைக்கும், சிறுநீர் கறுக்கும், பிறகு எழுந்து நிற்கவே முடியாது. பெரும்பாலான குதிரைகள் பிழைப்பதில்லை. புல் குட்டையாகிவிட்ட மேய்ச்சலில் பசியோடு நிற்கும் மட்டக்குதிரை தரையோடு தரையாக விதையையும் சேர்த்து மேய்ந்துவிடும். ஆகவே மரத்தடியில் வேலி போட்டால் மட்டும் போதாது, காற்று விதையை வேலிக்கு அப்பாலும் கொண்டுபோகும். பெருங்காற்று அடித்த மறுநாள் காலையில் வாரி எடுக்க வேண்டும், கூடவே உலர்புல்லும் நிறைய வைக்க வேண்டும். அழைக்காமலே அந்தக் காலைகளில் வந்து நின்றீர்கள். வாரியதை எருக்குழியில் போடாமல் தனிச் சாக்கில் கட்டி அகற்றியதற்கு இன்னொரு நன்றி. எருவோடு போயிருந்தால் வசந்தத்தில் வயலெங்கும் முளைத்திருக்கும், அந்த முளையிலும் அதே நஞ்சு உண்டு.

கோழிக்கூட்டுக்கு ஏறும் மரச்சாய்வில் கம்பிவலை அடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டுத் தச்சருக்கு நன்றி. ஈரப் பலகையில் பாசி படிந்தால் ரப்பர் பூட்ஸும் வழுக்கும். வலையின் வெட்டுமுனைகளைப் பலகைக்கு அடியில் மடித்து அடித்திருக்கிறீர்கள். அப்படிச் செய்யாவிட்டால் காலைத் தூக்கி வைக்கச் சிரமப்படுகிறவர்களின் பூட்ஸ் நுனி அதில் மாட்டும். வாசலில் கிடந்த கறுப்பு மிதியடியை எடுத்துவிட்டுத் தரையின் நிறத்திலேயே ஒன்றைப் போடச் சொன்ன தன்னார்வலரின் கண்ணையும் பாராட்ட வேண்டும். நினைவு மங்கியவர்களுக்குக் கறுப்பு மிதியடி பள்ளம் போலத் தெரியும். வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தால்தான் விழுவார்கள்.

வண்டி ஓட்டுகிறவர்களே, அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும், ஆறே காலையொட்டி மறைந்துகொண்டிருந்த சூரியன் ஐந்தே காலுக்கு மறையத் தொடங்குகிறது. டிசம்பருக்குள் அது நாலே காலாகிவிடும். வெளிச்சம் குறையும் வேளையில் பலருக்கு மனம் அலைபாயும், “வீட்டுக்குப் போகணும்” என்று எழுந்து நடப்பார்கள். கிளம்பும் நேரத்தை மூன்றே முக்காலுக்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டீர்கள். உங்கள் மற்ற ஓட்டங்களையெல்லாம் அதற்காகத் திருப்பி அடுக்க வேண்டியிருந்திருக்கும். நாங்கள் எங்கள் பங்குக்கு, இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடுகிறோம்.

கால்நடை மருத்துவருக்கு: ஆடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றி, 2007 முதல் 2010 வரை இந்நாட்டை உலுக்கிய கியூ காய்ச்சலுக்குப் பிறகு, பொதுமக்கள் வந்துபோகும் பண்ணைகளில் வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி கட்டாயம். கிடாவைச் சேர்ப்பதற்கு வெகுமுன்பே அதை முடித்துக் கொடுத்தீர்கள். கிருமிநாசினி ஜெல் சேற்றுக் கையில் பயன்படாது, சோப்பும் ஓடும் நீரும்தான் வேண்டும் என்று வருகிறவர்களிடம் பொறுமையாக நீங்கள் சொன்ன பிறகு, காபிக்கு முன் கை கழுவும் வரிசை தானாக உருவாகிவிட்டது.

செம்மறிக் கிடாவை இரவல் தந்த குடும்பத்துக்கு நன்றி சொல்லாமல் நவம்பரைப் பற்றிப் பேச முடியாது. நெஞ்சில் சாயக்கட்டி கட்டிய வாரோடு அனுப்பியிருந்தீர்கள். கிடா சேர்ந்த ஆட்டின் முதுகில் அந்தச் சாயம் ஒட்டிக்கொள்ளும். முதலில் மஞ்சள், 17 நாள் கழித்துச் சிவப்பு, பிறகு நீலம் என்று வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போக வேண்டும்; தலைகீழாகப் போனால் நீலத்தின் மேல் மஞ்சள் தெரியாது. மஞ்சள் பட்ட முதுகில் பிறகு சிவப்பும் பட்டால், அந்த ஆடு முதல் தடவையில் சினைப்படவில்லை என்று பொருள். வேலிக்கு வெளியே நின்று நிறத்தையும் காது எண்ணையும் ஒருவர் சொல்ல, இன்னொருவர் பலகையில் எழுதுகிறார். நேற்று நடந்தது மறந்துபோகிறவருக்கும் இந்த வேலை கச்சிதமாக வருகிறது, ஏனென்றால் விடை ஆட்டின் முதுகிலேயே இருக்கிறது. நவம்பர் 5இல் சேர்ந்த ஆடு ஏறத்தாழ 147 நாளில், ஏப்ரல் முதல் தேதியையொட்டி ஈனும். சேர்க்கை நடக்கும் வாரங்களில் எவ்வளவு சாதுவான கிடாவுக்கும் முதுகைக் காட்டக் கூடாது, நெற்றியைச் சொறிந்துவிடவும் கூடாது. அதை முட்ட அழைப்பதாகவே கிடா எடுத்துக்கொள்ளும். இதைப் படம் வரைந்து வாயிற்கதவில் மாட்டிய உங்கள் மகளுக்குத் தனி நன்றி.

நவம்பர் 11, குழந்தைகள் விளக்கேந்திப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகும் சின்ட் மார்ட்டன் நாளுக்காக, விளக்குக் கூடாகத் தோண்டத் தீவனக் கிழங்குகளை ஒதுக்கிவைத்த பக்கத்து வயல்காரருக்கு எங்கள் பெரிய நன்றி. சர்க்கரை பீட் அல்ல, மாட்டுக்குப் போடும் பீட். சர்க்கரை பீட் கல்லாக இருக்கும், மூட்டுவலிக் கைகளுக்கு அது ஆகாது. ஈரத்துணியை வளையமாகச் சுருட்டி அதன்மேல் கிழங்கை உட்கார வைத்தால் உருளாது. மேற்பகுதியை மட்டும் நாங்கள் கத்தியால் சீவிக் கொடுக்கிறோம், மற்றதை விளிம்பைத் தீட்டிய சூப்புக் கரண்டியாலேயே தோண்டிவிடலாம். சுவர் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நிற்க வேண்டும். தடித்தால் வெளிச்சம் கசியாது, மெலிந்தால் இரண்டே நாளில் சுருங்கும். பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும் என்பதால் ஒன்பதாம் தேதிக்கு முன் தோண்டாமல் இருப்பது நல்லது. உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. எப்படித் தோண்டுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பள்ளிப் பருவத்தில் செய்த கைகள் தாமாகவே தொடங்கின, அன்று பாடிய பாட்டும் கூடவே வந்தது.

ஹவுட்ரனெட் ஆப்பிள்களைக் கொண்டுவந்தவர்களுக்கு: அடிபட்டவற்றை முன்பே பிரித்துத் தந்ததால் நல்லவை கெடாமல் தப்பின. ஆப்பிளிலிருந்து வரும் வாயு கேரட்டைக் கசக்க வைக்கும் என்பதால் இரண்டையும் வேறுவேறு அறையில் வைத்திருக்கிறோம். அடிபட்டவையெல்லாம் ஆப்பிள் மசியலாகிவிட்டன. வீட்டுக்கு இரண்டு புட்டி வீதம் பெயர் எழுதி, களஞ்சியத்தின் இடப்பக்க அலமாரியில் அடுக்கியிருக்கிறோம். வார நாட்களில் காபி நேரத்துக்கு வாருங்கள், காலிப் பெட்டிகளையும் அப்போதே எடுத்துச் செல்லலாம்.

அன்புடன்,
பண்ணைக் குடும்பத்தார்