வெள்ளிக்கிழமைப் புதிர்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

கிளிநொச்சி

அன்புள்ள பெற்றோருக்கு,

இந்தத் தவணையிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளைகள் ஒரு கணிதப் புதிரைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார்கள். இதற்குப் புள்ளி கிடையாது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவுமா என்று சிலர் கேட்டீர்கள். உதவலாம், ஆனால் அதற்காகத் தொடங்கவில்லை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: விடையைச் சொல்லிவிடாதீர்கள், போனில் தேடியும் கொடுக்காதீர்கள்.

முதல் புதிர் உங்களுக்கும் தெரிந்ததுதான். நரி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒருவர் அக்கரை சேர்க்க வேண்டும். வள்ளத்தில் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆள் இல்லாவிட்டால் நரி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். இரணைமடுவில் வள்ளம் பார்த்த பிள்ளைகளுக்குக் கதை உடனே விளங்கும். ஆடுதான் முதலில் போக வேண்டும் என்பதையும் சட்டென்று பிடித்துவிடுவார்கள். அடுத்ததாக எதைக் கொண்டுபோனாலும் அக்கரையில் சிக்கல். அங்கேதான் பிள்ளை நிற்கும். கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டைத் திரும்ப ஏற்றிவர வேண்டும்; அது நட்டம் போலத் தெரிவதால் அந்த யோசனை இலேசில் வராது. வந்துவிட்டால் மொத்தம் ஏழு தடவை கடந்து வேலை முடியும். அந்த ஆட்டை நீங்கள் திருப்பிவிட்டால் புதிரில் மிச்சம் ஒன்றும் இல்லை. “இப்ப இந்தக் கரையில என்ன நிக்குது?” என்று மட்டும் கேளுங்கள். புளியங்கொட்டை, கல் எதையாவது வைத்து நகர்த்திப் பார்க்கட்டும். முடித்துவிட்டால், இன்னொரு வழியும் இருக்கிறது என்று சொல்லுங்கள். உண்மையிலேயே இருக்கிறது.

திங்களன்று வகுப்பில் விடையை விட, யோசித்த வழியைத்தான் கேட்போம். பிழைத்தாலும் பரவாயில்லை.

‘எனக்குக் கணக்கு வராது’ என்று ஒதுங்கும் அப்பாமாருக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். 3524 என்ற எண்ணின் இலக்கங்களைப் பெரிதிலிருந்தும் சிறிதிலிருந்தும் அடுக்கிக் கழியுங்கள்: 5432 − 2345 = 3087. அதையும் அப்படியே செய்தால் 8730 − 0378 = 8352. மறுபடி 8532 − 2358 = 6174. இனி எத்தனை தரம் கழித்தாலும் 6174தான். நாலும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நாலிலக்க எண்ணும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து நிற்கும். 1949இல் இதைக் கண்டுபிடித்த கப்ரேக்கர், மகாராட்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளிக்கூட ஆசிரியர்.

அப்புறம், வீட்டில் அம்மம்மா, அப்பப்பா இருந்தால் அவர்களிடமும் பழைய கணக்குகள் கேட்டு எழுதி அனுப்புங்கள். “நாங்களும், எங்களைப் போல இன்னொரு மடங்கும், எங்களில் பாதியும், பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால் நூறு” என்று பறவைக் கூட்டம் சொல்லும் கணக்கு பலருக்குத் தெரிந்திருக்கும். கூட்டத்தில் எத்தனை பறவை? விடையை நான் எழுதப் போவதில்லை.

இப்படிக்கு,
அதிபர்