கால்வாய்க் கரைக்கு ஆள் வந்த கதை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகள் கோவையில் வேலைக்குச் சேர்ந்த செய்தி படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அவளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்.

தன்பாலீர்ப்பாளர்களை வரவேற்றால் நொடித்த நகரம் நிமிரும் என்கிறார்களே, வகுப்பில் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாய். நிமிரலாம்தான். ஆனால் எதற்குப் பின் எது நடந்தது என்று பார்க்காமல் சொன்னால் வெறும் கோஷமாகிவிடும். இங்கிலாந்தின் மான்செஸ்டரை எடுத்துக்கொள்.

பருத்தியால் வாழ்ந்த ஊர். 1931இல் ஏழரை லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1991இல் நாலு லட்சத்துச் சொச்சமாகிவிட்டது. ஆலைகள் மூடின. ரோச்டேல் கால்வாயில் சரக்குப் படகுகள் நின்றுபோயின. கரையோரக் கிடங்குகள் காலி, வாடகை மலிவு, இரவில் ஆள் நடமாட்டமே இல்லை. மறைந்து வாழ வேண்டியிருந்தவர்களுக்கு அந்த இருட்டே தோதாக இருந்தது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களுக்கிடையிலான உறவில் தனியிடத்தில் நடப்பதை மட்டும்தான் குற்றமில்லை என்றது. அதனால் கால்வாயை ஒட்டிய கேனல் தெருப் பக்கத்து மதுக்கூடங்கள் வெளியே முகம் காட்டாமலே நடந்தன. அந்த வட்டாரக் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் ஆன்டர்டன் 1986இல் எய்ட்ஸ் பற்றிப் பேசும்போது தன்பாலீர்ப்பாளர்களைச் சாக்கடையோடு சேர்த்துப் பேசினார். அப்படிப்பட்ட ஊரில் யார் கடை போடுவார்கள்?

முதலில் அசைந்தது மாநகராட்சி. 1984இல் கிரஹாம் ஸ்ட்ரிங்கர் தலைமைக்கு வந்த பிறகு, தன்பாலீர்ப்பாளர் நலனைக் கவனிக்கவென்றே அலுவலர்களைச் சம்பளத்தில் அமர்த்தினார்கள். 1988இல் பொதுப் பணத்தில் அவர்களுக்கென ஒரு மையமும் எழுந்தது. அதே ஆண்டுதான், உள்ளாட்சிகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்கக் கூடாது' என்ற 28ஆம் பிரிவை பிரிட்டன் அரசு கொண்டுவந்தது. அதை எதிர்த்து பிப்ரவரி 20 அன்று மான்செஸ்டரில் சுமார் இருபதாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். மேலிருந்து தடை வந்தபோதும் உள்ளூர் நிர்வாகம் பின்வாங்கவில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. முதல் போடுகிறவன் அடுத்த பத்து வருஷத்தைத்தான் கணக்குப் போடுவான். நிர்வாகம் பாதியில் கைவிட்டுவிடும் என்று தோன்றினால் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டான்.

1990இல் கேரல் எய்ன்ஸ்கோவும் பீட்டர் டால்ட்டனும் கேனல் தெருவில் 'மான்ட்டோ' என்ற மதுக்கூடத்தைத் திறந்தார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்திருப்பவர் தெருவில் போகிறவருக்குத் தெரிவார், தெருவில் போகிறவரும் உள்ளே இருப்பவருக்குத் தெரிவார். அதுவரை அந்தப் பகுதியில் யாரும் செய்யத் துணியாத வேலை. வெளிச்சம் நடைபாதையில் விழுந்ததும் மற்றவர்களும் அந்த வழியாக நடக்க ஆரம்பித்தார்கள், பக்கத்துக் கிடங்குகளுக்கும் ஆள் வந்தது.

இதையே முழுக் காரணம் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதே. 1988 முதல் 1996 வரை இயங்கிய மத்திய மான்செஸ்டர் வளர்ச்சிக் கழகத்தின் அரசுப் பணமும் அந்தப் பகுதியில் இறங்கியது. நகர வளர்ச்சியை ஆராயும் ரிச்சர்ட் ஃபுளோரிடாவின் வாதத்தையும் கவனமாகக் கையாள். தன்பாலீர்ப்பாளர் அதிகம் வாழும் நகரங்கள் வளர்கின்றன என்று காட்டுவது வேறு, அவர்களால்தான் வளர்கின்றன என்று நிரூபிப்பது வேறு.

எங்கே கோளாறாகும் என்பதையும் சொல்லிக்கொடு. மதுக்கூடத்தை மட்டும் நம்பினால் கையில் காசுள்ள ஆண்களுக்கான இடமாகவே அது குறுகிவிடும். பெண்களும் வயதானவர்களும் வெளியே நிற்பார்கள். அடுத்து, பெயர் பரவியதும் கல்யாணத்துக்கு முந்தைய கும்மாளக் கூட்டங்கள் வேடிக்கை பார்க்க வந்து குவியும், யாருக்காக உருவானதோ அவர்களுக்கே அங்கே பாதுகாப்பு குறையும். வாடகை ஏறும்போது முதலில் வந்தவர்தான் முதலில் வெளியேறுவார். அதனால் ஆரம்பத்திலேயே, விலை மலிவாக இருக்கும்போதே, ஓரிரு கட்டடங்களை மாநகராட்சி தன் பெயரில் வைத்துக்கொண்டு நீண்ட குத்தகைக்கு விட வேண்டும். பிறகு வாங்கப் பணம் போதாது.

இன்னொன்று. காவல்துறையில் தன்பாலீர்ப்பாளர்களோடு பேசிப் பழகவென்று தொடர்பு அலுவலரை அமர்த்திய முதல் ஓரிரு வருஷம் தாக்குதல் புகார்கள் கூடலாம். குற்றம் பெருகிவிட்டது என்று பதறித் திட்டத்தை நிறுத்திவிடக் கூடாது. முன்பு அடி வாங்கிக்கொண்டு பேசாமல் போனவர்கள் இப்போது எழுதிக் கொடுக்கிறார்கள் என்றுகூட அதற்குப் பொருள் இருக்கும். புகார் எண்ணிக்கையோடு மருத்துவமனைக் காயப் பதிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கேனல் தெருவின் பழைய வரைபடமும் இப்போதைய வரைபடமும் என்னிடம் இருக்கின்றன. வகுப்பு எந்த வாரம் என்று எழுது, அதற்குள் அனுப்பி வைக்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கதிரவன்